விரல் நுனியில் ஒரு சரிபார்ப்பு

2020 நவம்பர். தில்லியில் கொரோனா மூன்றாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். தொற்று உறுதியாகி வீட்டிலேயே தனித்திருந்த என் மாமனாரின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர், இரவு இரண்டு மணிக்கு 86 என்று காட்டியது. அவரோ, "மூச்சு நன்றாகத்தானே இருக்கிறது, மாப்பிள்ளை" என்றார். ஆம்புலன்சை அழைக்குமுன் எங்கள் குடும்ப மருத்துவரை எழுப்பினேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கை சில்லிட்டிருக்கிறதா?" என்பதுதான். சில்லிட்டிருந்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றி, மறு கையின் நடுவிரலில் மாட்டி, ஒரு நிமிடம் காத்திருந்தோம். எண் 96 ஆயிற்று.

அக்கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்துகிறது. அவற்றில் நாடித் துடிப்புடன் ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடலாம் என்று 1970களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. துடிப்பு சரியாகக் கிடைக்காவிடில் கணக்கும் பிழைபடும். குளிரில் சுருங்கிய இரத்தக் குழாய்கள், அடர்ந்த நகப்பூச்சு, முழுதும் நுழையாத விரல், நடுங்கும் கை என எதுவும் அதற்குக் காரணமாகலாம்.

2020 ஜூனில் வீட்டுத் தனிமையில் இருந்தோருக்குத் தில்லி அரசு ஆக்சிமீட்டர் வழங்கத் தொடங்கியது. கருவி வீடு வந்து சேர்ந்தது. அதைச் சரிபார்க்கும் பழக்கம் அவ்வளவு விரைவாக வரவில்லை. காசோலையில் தொகையை மட்டும் பார்த்து யாரும் பணம் தருவதில்லை, கையொப்பத்தையும் ஒப்பிடுகிறோம். ஆக்சிமீட்டருக்கு நாடித் துடிப்பே கையொப்பம். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். திரையில் தெரியும் துடிப்பு எண்ணிக்கை அதனோடு ஒத்துவரவில்லை எனில், பக்கத்திலுள்ள ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். கைக்கடிகார வகைக் கருவிகளும் பட்டை தளர்ந்தால் இவ்வாறே தடுமாறும்.

எனினும், சரியாக மாட்டியதனாலேயே எல்லாம் சரியாகிவிடாது. அமெரிக்க ஆய்வொன்று 2020 டிசம்பரில் வெளியாயிற்று. உண்மையில் குறைந்திருந்த ஆக்சிஜனை இக்கருவி கண்டுகொள்ளாமல் விட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என அது காட்டியது. நம்மில் பலரும் கருநிறத்தவர்தாம். ஆகவே, மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால், திரையில் 96 இருந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்படுவதே முறை. நல்ல எண்ணை நம்பி வீட்டில் காத்திருப்பது, தவறான எண்ணைக் கண்டு அஞ்சுவதைவிட ஆபத்தானது.

மாமனார் வங்கிக் கணக்குகளைப் போலவே உடல் கணக்கையும் குறிப்பேட்டில் எழுதுபவர். மறுநாள் முதல் தேதி, நேரம், எண் ஆகியவற்றோடு, "இடக்கை நடுவிரல், கை சூடு" என்றும் ஒரு பத்தி சேர்ந்தது.