காஹிராவைக் கால்நடையாகப் பாருங்கள்



உம்ராவை நிறைவேற்றிவிட்டு அப்படியே எகிப்தையும் பார்த்து வரும் குடும்பங்கள் எம்மிடையே இருக்கின்றன. கெய்ரோவில் இறங்கியதும் அவர்கள் முதலில் தேடுவது வாடகைக் காரை. கார் ஓரிடத்தில் நிற்கும்; இறங்கிப் படம் பிடிப்பார்கள்; மீண்டும் ஏறிக்கொள்வார்கள். ஊர் திரும்பியபின் "என்ன பார்த்தீர்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்டால், வாகன நெரிசலைத்தான் சொல்வார்கள்.

அரபியில் 'அல்-காஹிரா' எனப்படும் அந்தப் பழைய நகரம் நடந்து வருவோருக்காகவே கட்டப்பட்டது. எனவே, கார் பிடிக்க வசதியில்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

கி.பி. 969இல் பாத்திமிய்ய கலீபா அல்-முஇஸ்ஸின் தளபதி ஜவ்ஹர் இந்நகரை நிறுவினார். அதன் நடுவே ஓடும் வீதிக்கு இன்றும் அல்-முஇஸ் வீதி என்றே பெயர். வடக்கே பாபுல் புதூஹ் வாயில். தெற்கே பாபு ஸுவைலா வாயில். இடைத்தூரம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர். விரைந்து நடந்தால் அரைமணி நேரம் போதும். நின்று பார்த்து நடந்தால் காலை முதல் அஸர் வரை போதாது!

எப்படிப் போவது? மெட்ரோ ரயிலின் மூன்றாம் பாதையில் பாபுஷ் ஷஃரிய்யா நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பாபுல் புதூஹ்வுக்கு நடந்தே போகலாம். மெட்ரோவில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

1087இல் கட்டப்பட்ட அந்த வாயிலினூடே நுழைந்தால், இடப்புறம் அல்-ஹாகிம் பள்ளிவாசல். சற்றுத் தொலைவில் 1125இல் எழுந்த அல்-அக்மர் பள்ளிவாசல். இதன் முகப்பு வீதியோடு ஒட்டிச் செல்கிறது. உட்புறமோ கிப்லாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. வீதியில் நடப்போருக்கும் இடைஞ்சலில்லை, தொழுவோருக்கும் திசை பிசகவில்லை. இந்த நுட்பத்தைக் கார்க் கண்ணாடி வழியாகக் காண முடியுமா?

அடுத்து, வீதி இரண்டாகப் பிரியும் இடத்தில் சற்று நில்லுங்கள். அங்கே இருப்பது அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டிய ஸபீல். கீழே தண்ணீர் கொடுக்கும் இடம்; மேலே சிறுவர் குர்ஆன் ஓதும் மத்ரஸா. நைல் நதி நீரை ஒட்டகங்களில் கொண்டுவந்து, நிலத்தடித் தொட்டிகளில் நிரப்பி, கம்பிச் சாளரம் வழியே வழிப்போக்கருக்கு இலவசமாக வழங்குவது ஸபீல்களின் வழமை. மேலே யதீம்களும் ஏழைப் பிள்ளைகளும் படித்தனர். செலவு முழுவதும் வக்பு சொத்துக்களிலிருந்து வந்தது.

இன்னும் நடந்தால் வலப்புறம் சுல்தான் கலாவூன் 1284-85இல் எழுப்பிய கட்டடத் தொகுதி. பள்ளிக்கூடம், அடக்கஸ்தலம் ஆகியவற்றோடு அங்கே ஒரு வைத்தியசாலையும் இருந்தது. ஆண், பெண், செல்வர், ஏழை என்ற பேதமின்றி அங்கு சிகிச்சை அளிக்கப்பட்டது. அதற்கு எதிரே, கணவர் சுல்தான் ஸாலிஹ் ஐயூபுக்காக ஷஜருத் துர் 1250இல் கட்டுவித்த அடக்கஸ்தலம். அதே ஆண்டில் ஏறத்தாழ எண்பது நாட்கள் எகிப்தை ஆண்ட பெண்மணி அவர்.

பின்னர் அல்-அஸ்ஹர் வீதி குறுக்கிடும். வாகனங்கள் விரையும் பெருந்தெரு அது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அருகே 972இல் முதல் தொழுகை நடந்த அல்-அஸ்ஹர் பள்ளிவாசல். நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்து சேர்ந்த ஒராபி பாஷா இங்கு பயின்றவர். கொழும்பு ஸாஹிராவின் தோற்றத்துக்கு ஊக்கம் தந்தவரும் அவரே. அம்முற்றத்தில் அமர்ந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதியவர்களின் கால்களுக்கும் ஓய்வு கிடைக்கும்.

வீதியைக் கடந்து தெற்கே நடந்தால், பாபு ஸுவைலாவை நெருங்கும் இடத்தில் இன்னொரு ஸபீல். 1796இல் அதைக் கட்டியவர் நபீஸா அல்-பைளா என்ற பெண்மணி. அடிமையாக வந்து, விடுதலை பெற்று, ஆட்சியாளர்களை மணந்து, வணிகத்திலும் ஈடுபட்டவர். தன் செல்வத்தைக் கொண்டு தாகத்துக்கு நீரும் சிறுவருக்குக் கல்வியும் கொடுத்தார். அவருடைய மாளிகையைத் தேடி இன்று யாரும் அலைவதில்லை. அவர் வைத்துப்போன தண்ணீர்ச் சாளரத்தின் முன்னால்தான் நிற்கிறோம்.

சகோதரிகளே! காலையிலேயே புறப்படுங்கள். காலுக்கு இதமான செருப்பு அணியுங்கள். வழியில் எத்தனை ஸபீல்கள் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். மன்னர்களின் பெயர்கள் மறந்து போகலாம். வழிப்போக்கரின் தாகத்தை நினைத்து ஒரு நகரமே கட்டப்பட்டது என்பது அவர்கள் மனதில் நிற்கும்.

வாடகைக் காருக்கென வைத்த பணம் மிச்சமாகும். அதை என்ன செய்யலாம்? ஊர் திரும்பியதும், பிள்ளைகள் ஓதப்போகும் மத்ரஸாவின் வாசலில் குடிநீருக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுக்கலாமே! நபீஸா செய்ததை எம் பெண்களாலும் செய்ய முடியும்.