மண்ணில் மறைந்துள்ள பேஜ்கள்: பட்ட வகுப்பு மாணவர்க்கு ஓர் ஆராய்ச்சிப் பாடம்

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பி. எஸ்ஸி. வகுப்பு மாணவர் செய்யும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை முன்னரே தெரியும். ஆசிரியர் அதை அறிவார். பாடப் புத்தகத்திலும் அது அச்சாகியிருக்கும். தாம் கண்ட அளவு புத்தக அளவோடு ஒவ்வாவிடில், மாணவர் தம் அளவைத் திருத்தி எழுதிவிடுவதும் உண்டு. இத்தகைய பயிற்சி கைத்திறனை வளர்க்கும். ஆயினும் அறியாத ஒன்றை அறிவது எவ்வாறு என்பதை அது கற்பிப்பதில்லை. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, முதலாண்டு மாணவரையே உண்மையான ஆராய்ச்சியில் ஈடுபடுத்துவதாகும். அதற்கு மிகவும் ஏற்ற பொருளாகப் பல கல்லூரிகளில் விளங்கி வருவது பாக்டீரியோபேஜ். டில்லியிலும் இத்துறையில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்திலேயே பயனுள்ள பணி நடந்துள்ளது. இதன் வரலாற்றையும் முறையையும் கீழே காண்போம்.

பேஜ் என்பது யாது?

பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களுக்குப் பாக்டீரியோபேஜ்கள் என்று பெயர். சுருக்கமாகப் பேஜ் என்பர். உண்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நாம் மிகுதியாகக் காணும் பேஜ்களுக்குத் தலையும் வாலும் உண்டு, தலைக்குள் டி. என். ஏ. அடங்கியிருக்கும். பேஜ் தனக்குரிய பாக்டீரியாவின் மேற்பரப்பில் வாலால் ஒட்டிக்கொண்டு, தன் டி. என். ஏ.-யை உள்ளே செலுத்துகிறது. அதன் பின் பாக்டீரியா தன் வேலையை விட்டுப் பேஜ்களை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. இறுதியில் அதன் செல் வெடித்துப் புதிய பேஜ்கள் பல வெளிப்படுகின்றன. சில வகைப் பேஜ்கள் மட்டும் உடனே அழிவு செய்யாமல், பாக்டீரியாவின் டி. என். ஏ.-யோடு சேர்ந்து உறங்கிக் கிடப்பதும் உண்டு.

ஒவ்வொரு பேஜும் சில குறிப்பிட்ட பாக்டீரியாக்களையே நாடும், பிறவற்றைத் தீண்டாது. மனிதர், கால்நடை, பயிர் ஆகியவற்றின் செல்களை அது தாக்குவதில்லை. உலகிலுள்ள பேஜ்களின் தொகை, ஒன்றை அடுத்து 31 சுன்னங்கள் இட்டால் வரும் எண்ணை ஒட்டியது என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர். இவற்றுள் ஆராயப்பட்டவை மிகச் சிலவே. ஆகவே தோட்டத்து மண்ணிலிருந்து ஒரு மாணவர் பிரித்தெடுக்கும் பேஜ், பெரும்பாலும் அதுவரை எவரும் கண்டிராத ஒன்றாகவே இருக்கும். இந்த வாய்ப்பே இப்பாடத்தின் உயிர்நாடி.

யமுனை நீரும் ஓர் ஐயமும்

பேஜ் பற்றிய வரலாறுகள் பல நம் நாட்டு ஆறுகளிலிருந்தே தொடங்குகின்றன. ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹாங்கின் என்பார், 1896-ஆம் ஆண்டில் கங்கை, யமுனை நீரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காய்ச்சாத ஆற்று நீரில் இட்ட காலராக் கிருமிகள் சில மணி நேரத்தில் மடிந்தன. அதே நீரைக் காய்ச்சிய பின் இட்டால் அவை மடியவில்லை. இந்த ஆற்றலுக்குக் காரணம் பேஜ்களே என்று பிற்காலத்தார் பலர் கொண்டனர்.

ஆனால் ஹாங்கின் தாமே குறித்த மற்றொரு செய்தியும் உண்டு. காற்றுப் புகாதபடி மூடிய குழாயில் வைத்துச் சூடாக்கிய நீர் தன் ஆற்றலை இழக்கவில்லை. பேஜாக இருந்தால், குழாய் மூடியிருப்பினும் திறந்திருப்பினும் கடும் வெப்பம் அதைச் சிதைத்திருக்கும். எனவே அது ஆவியாகி வெளியேறும் ஒரு பொருளின் செயலாக இருக்கலாம் என்று 2011-இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக் காட்டினர்.

பேஜைத் தெளிவாக விவரித்தவர்கள் இருவர்: 1915-இல் இங்கிலாந்தின் பிரடெரிக் டுவார்ட், 1917-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய பெலிக்ஸ் தெரெல். சீதபேதிக் கிருமிகள் வளர்ந்து கலங்கிய திரவத்தைத் தெளியச் செய்த ஒரு வடிநீரின் துளியை, தெரெல் புதிய கிருமித் திரவத்தில் இட்டார். அதுவும் தெளிந்தது. அதிலிருந்து ஒரு துளியை அடுத்த குழாயில் இட்டார், அதுவும் தெளிந்தது. வெறும் இரசாயனப் பொருளாயின் சில குழாய்களுக்குள் நீர்த்து வலிமை இழந்திருக்கும். குறையாமல் தொடர்வது பெருகும் இயல்புடையதாகவே இருத்தல் வேண்டும். தெரெல் 1927-இல் இந்தியாவுக்கு வந்து காலரா நோய்க்குப் பேஜைப் பயன்படுத்தும் சோதனைகளையும் நடத்தினார்.

ஹாங்கின் கண்டதற்கும் தெரெல் நிறுவியதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்வாராயின், பாடத்தின் பாதியைக் கற்றவராவார். கண்டது ஒன்று, அதன் காரணத்தை மெய்ப்பிப்பது மற்றொன்று.

ஆய்வு முறை

இப்பாடத்தில் பேஜுக்கு இரையாகப் பயன்படுவது பெரும்பாலும் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா. இது க்ஷயக் கிருமியின் இனத்தைச் சேர்ந்ததாயினும், நலமுள்ளோர்க்குப் பொதுவாக நோய் விளைப்பதன்று. க்ஷயக் கிருமி ஒரு முறை இரட்டிக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இதற்குச் சுமார் மூன்று மணி நேரமே போதும். ஆகவே வகுப்பு அட்டவணைக்குள் சோதனையை முடிக்க இயலும்.

மட்கிய இலை, ஈர மண், எருக்குழி மண் ஆகியவற்றில் சிறிதளவு எடுத்துத் தாங்கல் திரவத்தில் நன்கு குலுக்குவர். மண் படிந்த பின் மேல் நீரை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியே செலுத்துவர். பாக்டீரியாக்கள் மேலே தங்கிவிடும். பேஜ்கள் நீரோடு கீழே இறங்கும். இவ்வடிநீரைப் பாக்டீரியாத் திரவத்தோடும் சிறிது கால்சியம் உப்போடும் கலந்து, இளகிய அகரில் சேர்த்துப் பெட்ரித் தட்டில் ஊற்றுவர். பின் 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைத்தால், ஓரிரு நாட்களில் பாக்டீரியாக்கள் மங்கிய படலமாகத் தட்டெங்கும் பரவும். பேஜ் இருந்த இடத்தில் மட்டும் படலம் அழிந்து, தெளிந்த சிறு வட்டம் தோன்றும்.

வட்டம் கண்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. காற்றுக் குமிழியும் வட்டமாகத் தோன்றும். மண்ணிலிருந்து வந்த கிருமிக் கொல்லிப் பொருளும் வட்டம் செய்யும். எனவே வட்டத்தின் நடுவிலிருந்து சிறிது எடுத்து, படிப்படியாக நீர்த்து, புதிய தட்டுகளில் மீண்டும் வளர்த்தல் வேண்டும். வட்டங்கள் மறுபடியும் தோன்றிப் பெருகினால் அது பேஜ். தெரெல் செய்த மெய்ப்பிப்பே இங்கு சிறிய அளவில் நிகழ்கிறது. ஒரே வகைப் பேஜ் கிடைக்கும் வரை இதைப் பன்முறை செய்து தூய்மைப்படுத்துவர்.

தொகையைக் கணக்கிடுவதும் எளிது. பத்து லட்சம் மடங்கு நீர்த்த திரவத்தில் 0.1 மில்லி லிட்டர் இட்ட தட்டில் 50 வட்டங்கள் தோன்றின என்று கொள்வோம். மூலத் திரவத்தின் ஒரு மில்லி லிட்டரில் 50 கோடி பேஜ்கள் உள்ளன என்பது விடை. அதன் பின் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வடிவம் காணுதல், டி. என். ஏ.-யைப் பிரித்தல், அதன் வரிசையைப் படித்து ஜீன்களை அடையாளம் காணுதல் ஆகியவை தொடரும். கண்டவரே தம் பேஜுக்குப் பெயர் சூட்டும் உரிமையும் பெறுகிறார்.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தின் கிரஹாம் ஹாட்புல் வளர்த்த இம்முறையை, ஹவர்ட் ஹியூஸ் மருத்துவ நிலையம் 2008-ஆம் ஆண்டு முதல் கல்லூரிகளுக்குப் பரப்பியது. முதற் பருவத்தில் பேஜைக் கண்டெடுத்தல், இரண்டாம் பருவத்தில் அதன் ஜீன் தொகுதியை ஆராய்தல் என்பது பாட அமைப்பு. 73 கல்வி நிலையங்களில் 4,800-க்கு மேற்பட்ட மாணவர் இதில் பங்கு கொண்டதாக 2014-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

மாணவர் கண்ட பேஜ் வெறும் பயிற்சிப் பொருளாக நின்றுவிடவில்லை. தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010-இல் ஒரு மாணவர், அழுகிய கத்தரிக்காயிலிருந்து ஒரு பேஜைப் பிரித்தெடுத்தார். அது பிட்ஸ்பர்க் சேகரிப்பில் சேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் லண்டன் மருத்துவமனை ஒன்றில், நுரையீரல் மாற்றச் சிகிச்சை பெற்ற 15 வயதுப் பெண் ஒருத்தியை க்ஷயக் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா தாக்கியது. எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. கத்தரிக்காய்ப் பேஜோடு வேறு இரண்டையும் சேர்த்து அவளுக்குச் செலுத்தினர். அவ்விரண்டும் உறங்கிக் கிடக்கும் இயல்புடையவை. அதற்குக் காரணமான ஜீனை நீக்கிய பின்னரே அவற்றைப் பயன்படுத்தினர். அவள் உடல் நிலை பெரிதும் தேறியதாக 2019 மே மாதம் மருத்துவர்கள் வெளியிட்டனர். பேஜைக் கண்ட நாளில் இப்பயனை எவரும் எதிர்பார்த்ததில்லை.

டில்லியில் நிகழ்ந்தவை

விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 2008-இல் டில்லியிலிருந்து திறந்த முறை மருந்து ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. க்ஷயக் கிருமியின் ஏறத்தாழ 4,000 ஜீன்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டும் பணியில், 2010-இல் நாட்டின் பல பகுதிகளிலுள்ள கல்லூரி மாணவர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடிப் பங்கு கொண்டனர். மாணவர் உழைப்பு ஆராய்ச்சிக்கு உதவும் என்பதை அது காட்டியது.

பேஜ் துறையில் குறிப்பிடத்தக்கது, டில்லிப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஆச்சார்ய நரேந்திர தேவ் கல்லூரியின் பணி. அங்குள்ள ஊர்மி பாஜ்பாயும் அவர் குழுவினரும், இந்தியாவில் கண்டெடுத்த பேஜ்களுள் க்ஷயக் கிருமியை அழிக்கும் ஆற்றலுடையவற்றைப் பற்றி 2018-இல் கட்டுரை வெளியிட்டனர். உலகின் க்ஷய நோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதை நோக்க, இதன் சிறப்பு விளங்கும். எனினும் இதனை மருந்தென்று கொள்ளலாகாது. க்ஷயக் கிருமி நம் உடற் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. பேஜை அவ்விடத்துக்குக் கொண்டு சேர்ப்பது எளிதன்று.

டில்லிப் பல்கலைக் கழகத்தில் 2022-23 கல்வியாண்டு முதல் நான்காண்டுப் பட்டப் படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. நான்காம் ஆண்டில் மாணவர் ஆய்வுரை எழுத இதில் இடமுண்டு. அந்த ஆண்டில் திடீரென ஆராய்ச்சி தொடங்குவதைக் காட்டிலும், முதலாண்டிலேயே பேஜ் பாடத்தின் மூலம் அதற்குரிய மனப்பாங்கை வளர்ப்பது நலம்.

ஆசிரியரும் களப் பணியாளரும் கவனிக்க வேண்டியவை

நோய் விளைக்கும் பாக்டீரியாக்களை மாணவர் கையில் கொடுத்தலாகாது. க்ஷயக் கிருமியைக் கொண்டு செய்யும் சோதனைகள் உயர் பாதுகாப்புள்ள நிலையங்களுக்கே உரியவை. பயன்படுத்திய தட்டுகளை நீராவி அழுத்தக் கலத்தில் வைத்து நுண்ணுயிர் நீக்கிய பின்னரே எறிய வேண்டும். பேஜ் சேர்க்காத தட்டு ஒன்று ஒவ்வொரு சோதனையிலும் ஒப்புநோக்க இருத்தல் வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் ஜீன் வரிசை காணும் கருவியும் கல்லூரியில் இல்லாவிடில், அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தின் உதவியை நாடலாம். அவை கிட்டாவிடினும், பிரித்தெடுத்தலும் எண்ணுதலும் தூய்மைப்படுத்தலுமே நிறைவான பாடமாக அமையும்.

களப் பணியாளர் தரும் மண் மாதிரி இப்பணிக்குப் பெருந்துணை. தூய கரண்டியால் ஈர மண்ணை எடுத்துப் புதிய பையிலிட்டு, இடம், நாள், ஆழம், அருகிலுள்ள பயிர் ஆகியவற்றை உடனே எழுதுதல் வேண்டும். வெயிலில் காயவிடாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்து அனுப்புவது நலம். குறிப்பில்லாத மண்ணிலிருந்து கிடைக்கும் பேஜ் எங்கிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது.

எல்லா மாதிரியிலும் பேஜ் கிடைக்கும் என்பதில்லை. வெறுந்தட்டைக் கண்ட மாணவர் மனம் தளரலாம். அத்தருணத்தில் 'கிடைக்கவில்லை' என்பதையும் உள்ளவாறே குறிப்பேட்டில் எழுதச் செய்து, அடுத்த மாதிரியை எடுக்க அனுப்புவதே ஆசிரியர் கடமை. விடையைத் திருத்தி எழுதாத அப்பழக்கம், கண்டெடுக்கும் எந்தப் பேஜையும்விட நெடுங்காலம் அவருக்குப் பயன்படும்.