களத்துக்கு வரும் மோட்டாருக்கும் சோதனை வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஆடிப் பட்டத்து மல்லாட்டை காய்ந்து களம் சேர்ந்ததும் உடைப்பு வேலை தொடங்கிவிடும். விதைக்குக் கையால் உடைப்பவர்கள் உண்டு. விற்பனைக்கும் செக்குக்கும் போவதைப் பெரும்பாலும் இயந்திரத்தில் உடைக்கிறார்கள். பல மாதங்கள் மாட்டுக் கொட்டகை மூலையில் கிடந்த இயந்திரத்தை இழுத்து வந்து, வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் போட்டு ஓட்டுகிறார்கள். அது ஐப்பசி, கார்த்திகை மாதம். களம் ஈரமாக இருக்கும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கிணற்று மோட்டார் ஓரிடத்தில் நிற்பது. அதற்கென எர்த் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுக் கம்பி இறக்கியிருப்பார்கள். இடம் விட்டு இடம் போகும் உடைப்பு இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம், கையடக்கமான பம்பு ஆகியவற்றுக்கு ஒயருக்குள் ஓடும் ஒரு பச்சைக் கம்பிதான் துணை. அந்தக் கம்பியைத்தான் பலர் சிக்கனம் கருதி விட்டுவிடுகிறார்கள். பிளக்கில் மூன்று பின் இருக்கும். பிரித்துப் பார்த்தால் பெரிய பின்னில் ஒன்றும் கட்டியிருக்காது.

எர்த் இல்லாத மோட்டாரில் காயில் பழுதாகி மின்சாரம் உடலுக்கு வந்தாலும் மோட்டார் வழக்கம்போல் ஓடும், பீஸும் போகாது. இரும்புக் கூடு 230 வோல்ட்டில் காத்திருக்கும். ஈரக் காலோடு தொடுபவர் உடலில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும்; அது இதயத்தை நிறுத்தப் போதும்.

எர்த் இருந்தாலே போதுமா என்றால், போதாது. குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கசிவு மின்சாரம் 23 ஆம்பியருக்கு மேல் போகாது. 16 ஆம்பியர் பீஸ்கூட அதற்கு உடனே எரியாது. பீஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பி சுற்றியவர் வீட்டில் எரியவே எரியாது. ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பொத்தான் அந்தக் கருவியை மட்டுமே சோதிக்கும், பச்சைக் கம்பி இருக்கிறதா என்று சொல்லாது.

இயந்திரத்தைச் சோதிக்கும் முறை எளியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயர் முழுவதையும் கையில் உருவிப் பார்க்க வேண்டும். எலி கடித்த இடமும் டேப் சுற்றிய ஒட்டும் இருந்தால் அந்த ஒயர் களத்துக்கு ஆகாது. அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் பெரிய பின்னிலும் மறு முனையைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பிலும் வைத்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பிறகு மெகர் சோதனை. மற்ற இரண்டு பின்களையும் சேர்த்து, அவற்றுக்கும் கூட்டுக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டும் மோட்டாரை ஓட்டக்கூடாது. ஈரம்தான் காரணம் என்றால் நன்கு காயவைத்தபின் ஏறிவிடும். ஏறாவிட்டால் காயில் மாற்ற வேண்டியதுதான்.

மெகரை யாரும் விலைக்கு வாங்க வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இருக்கும். உரிமம் பெற்ற வயர்மேனிடமும் கேட்கலாம். இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டு விதிகள் வந்தபின், அலுவலகத்துத் தேநீர்க் கெட்டிலுக்குக்கூடச் சோதித்த தேதியை எழுதி ஒட்டும் வழக்கம் பரவியது. நம் மோட்டாரில் காகிதம் நிற்காது. பெயிண்டால் எழுதி வைக்கலாம்.

யாராவது இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்காகவே, சுவிட்சு கண்ணில் படும் தூரத்தில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மழை தூறினால் அன்றைக்கு உடைப்பு வேண்டாம்.