கடலடி வடமும் விரல்நுனித் தமிழும்

சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் போடப்பட்ட கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறந்துவைக்கப்பட்டபோது, அது கரையேறிய இடங்களுள் நடு அந்தமானைச் சேர்ந்த ரங்கத்தும் ஒன்று. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமும் 1,224 கோடி ரூபாய்ச் செலவும் கொண்ட அத்திட்டத்தை பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. அன்று போர்ட் பிளேர் என்றும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் தலைநகரை வடம் முதலில் தொட்டு, அங்கிருந்து ரங்கத், லாங் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் உள்ளிட்ட ஏழு இடங்களுக்குப் பிரிந்து செல்கிறது. கப்பலில் ஏறினால் சென்னையிலிருந்து தலைநகரம் சேர மூன்று நாளளவு ஆகும். அதற்கு மேலும் சாலை வழியே 170 கிலோமீட்டர் வடக்கே போனால்தான் ரங்கத். அச்சிட்ட தமிழ் இத்தனை தொலைவு கடந்து சொற்பமாக வந்துகொண்டிருந்த ஊருக்கு, மின்வழித் தமிழ் வெள்ளமாக வந்து சேர்ந்தால் அங்குள்ள பிள்ளைகளின் எழுத்தறிவுக்கு என்ன நேரும் என்பது, அந்தத் தீவை மட்டும் பொறுத்த கேள்வியன்று.

ரங்கத்தின் மொழிச்சூழலைப் புரிந்துகொள்ள அதன் குடியேற்ற வரலாறு வேண்டும். 1950களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகளுக்கு இப்பகுதியில் நிலம் ஒதுக்கப்பட்டது. காட்டு வேலைக்காக ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த பழங்குடியினரும், பிழைப்பைத் தேடி வந்த தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அவர்களோடு கலந்து வாழ்கின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இடத்தில் பொதுமொழியாக வளர்ந்தது இலக்கணக் கெடுபிடி தளர்ந்த தீவு இந்தி. ஆகவே இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் பெரும்பாலும் இந்தி அல்லது ஆங்கிலம் என்பதே நடைமுறை. 2011 கணக்கெடுப்பில் இவ்வொன்றியப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வங்காளிகள் 28 விழுக்காட்டினர். அதே கணக்கெடுப்பு காட்டிய எழுத்தறிவு விகிதம் 86 விழுக்காட்டுக்கும் மேல். இந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏழு வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் பொருளறிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பதே கணக்கெடுப்பின் வரையறை. இந்தியில் கட்டுரை எழுதும் தமிழ்ப் பிள்ளை, தன் பாட்டியின் கடிதத்தைப் படிக்க முடியாவிட்டாலும், எழுத்தறிவு பெற்றவராகவே எண்ணப்படுகிறார். தாய்மொழி எழுத்தறிவின்மை என்னும் குறை எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

வடம் வருவதற்கு முன்பு தீவுகளின் இணைய இணைப்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. பூமியோடு ஒத்துச் சுழலும் தொடர்புக் கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஆசிரியர் கேட்ட கேள்வி மேலே போய்க் கீழே வரக் கால் விநாடி, மாணவரின் விடை அதே வழியில் திரும்ப இன்னொரு கால் விநாடி என அரை விநாடி கழிந்துவிடும். கணக்குப் பாடத்துக்கு இது பெரிய இடையூறன்று. மொழிப் பாடத்துக்கு இடையூறுதான், ஏனெனில் ‘பள்ளி’ என்பதில் நாக்கு மடியாமல் ‘பல்லி’ என்று ஒலித்த குழந்தையை அந்தக் கணத்திலேயே திருத்த வேண்டும். பேச்சில் முறை மாறி முறை பேசும் ஓட்டம் அறுந்தால் பயிற்சியும் அறுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், வடத்தின் முழு நீளத்தையும் கடக்க விநாடியில் நூறில் ஒரு பங்கு சொச்சமே ஆகும். இழையின் கொள்ளளவும் பெரிது: தலைநகரிலிருந்து கிளைத் தீவுகளுக்கு விநாடிக்கு 100 கிகாபிட் வீதம் இரு இணைகள் என்பது திட்டத்தின் அளவு.

வழி திறந்தவுடன் செல்வதற்குச் சரக்கும் இருந்தது. தமிழ் இணையப் பல்கலைக்கழகமாக 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனம், தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகளை எண்ணியே அடிப்படைப் பாடங்களை ஆக்கியது. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சிடப்பட்டு, கைபேசியைக் காட்டினால் காணொளி திறக்கும் ஏற்பாடு வந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் ஒரு பிள்ளை தானாகத் தேடிப் போவது இவற்றையல்ல. யூடியூபில் பாட்டையும் சினிமாத் துணுக்கையும் நகைச்சுவையையும்தான் தேடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுச் சொற்களோடு சுருங்கிப்போகவிருந்த காதுத் தமிழ் அதனால் விரிவடைகிறது. மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் நடு அந்தமானில் கேட்கின்றன. எனினும் கேட்டுப் புரியும் தமிழ் பெருகப் பெருக, படித்துப் புரியும் தமிழ் தானே கூடிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு ஆதாரமில்லை. காணொளியைப் பார்ப்பவருக்கு எழுத்தறிவு தேவையே இல்லை.

பிள்ளை எழுதத் தொடங்கும் இடம் வாட்ஸ்அப். பெரும்பாலும் அது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக, அதாவது தங்கிலீஷாக, நின்றுவிடுகிறது; கொஞ்சம் முயல்பவர்கள் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையை எடுக்கிறார்கள். தமிழ்ச் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டினால் மென்பொருள் அதைத் தமிழ் எழுத்தாக்கித் தரும் முறை இது. பி, ஏ, எல், ஏ, எம் என்று ஐந்து எழுத்துகளைத் தட்டியதும் பலம், பழம், பாலம் என்ற சொற்கள் திரையில் வரிசை கட்டி நிற்கும். வேண்டியதைத் தொட்டால் போதும். அப்பிள்ளை சொல்லை எழுதவில்லை, அடையாளம் கண்டிருக்கிறது. லகர, ழகர வேறுபாடும் குறில், நெடில் வேறுபாடும் அதன் விரலுக்குள் போகவே இல்லை. பட்டியல் காட்டாவிட்டால் எதைத் தேர்வது என்ற ஐயம் உடனே தலைதூக்கும். தமிழ் எழுத்துப் பிழைகளில் பெரும்பங்கு எப்போதும் ல, ள, ழ, ந, ன, ண, ர, ற ஆகியவற்றைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது என்பதை எந்தத் தமிழாசிரியரும் சொல்வார். இந்த முறை அந்த இடத்தையே பயிற்சிக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

இது வெறும் ஆசிரியர் முணுமுணுப்பு இல்லை என்பதற்குச் சீனத்திலிருந்து ஒரு சான்று உண்டு. சீன எழுத்துகளைப் பின்யின் எனப்படும் உரோம எழுத்தொலி முறையில் தட்டித் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை லி ஹாய் தான் என்பவரும் அவருடைய குழுவினரும் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர்; அம்முறையில் அதிக நேரம் செலவிட்ட பிள்ளைகளின் வாசிப்புத் தேர்ச்சி குறைவாக இருந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று அது நிறுவிவிடவில்லை. இன்னும் ஒரு எச்சரிக்கையும் தேவை: சீனத்தில் எழுத்துகள் ஆயிரக்கணக்கானவை, தமிழின் 247 எழுத்துகளோ சில அடிப்படை உருவங்களின் ஒழுங்கான சேர்க்கை, ஆகவே மறதியின் அளவு ஒன்றாக இருக்காது. மறுபக்கத்தில், இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல், குறுஞ்செய்திச் சுருக்கெழுத்தை அதிகம் கையாண்ட பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, மாறாக முன்னின்றனர் என்று கண்டனர். இரண்டும் முரண்படவில்லை. ஆங்கிலப் பிள்ளை சுருக்கியது தன் எழுத்தையே. ஒலியையும் எழுத்தையும் இணைத்து விளையாடியதால் அந்த இணைப்பு வலுவடைந்தது. தங்கிலீஷ் எழுதும் பிள்ளையும் விளையாடுகிறது, ஆனால் வேறொரு மொழியின் எழுத்தோடு. கைபேசி எழுத்தைக் கெடுக்கிறதா என்று பொத்தாம்பொதுவாக விவாதிப்பதைவிட, எந்த விசைப்பலகை என்று கேட்பதே பயனுள்ளது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை இங்கே முக்கியத்துவம் பெறுகிறது. 12 உயிர், 18 அகரமேறிய மெய், ஒரு புள்ளி என 31 விசைகள். ‘கொ’ வேண்டுமானால் க, பிறகு ஒ. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவது விரலில் நிகழ்கிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி தானே ஏறும். ஆகவே ‘அம்மா’ என்பது அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டுதல். பழைய தட்டச்சுப் பொறி கையெழுத்தின் வழியில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்ற வரிசையில் ‘கொ’வைக் கட்டியது; கணினி எழுத்துகளுக்கு உலகப் பொதுவான எண்களைத் தரும் ஒருங்குறியும் தமிழ்99-ம் காதுக்கு வரும் வரிசையில் கட்டுகின்றன. தொல்காப்பியம் காட்டும் எழுத்து இலக்கணத்துக்கு இயந்திரத்தில் இதைவிட நெருங்கிய பயிற்சி வேறில்லை என்று துணிந்து சொல்லலாம். இருந்தும் அரசாணையால் பரவாதது அது. முதல் நாளில் மெதுவாக இருக்கும் எந்த விசைப்பலகையையும் பிள்ளைகள் தாமே தேர்வதில்லை.

இப்போது தட்டவே வேண்டியதில்லை என்ற நிலையும் வந்துவிட்டது. 2017-இல் கூகுள் தமிழ் உள்ளிட்ட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல்வழி எழுத்தைச் சேர்த்தது. எழுதத் தெரியாத முதியவருக்கு இது வரம். பிள்ளைக்கு என்றால் தயங்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் தமிழில் பேச்சும் எழுத்தும் இருவேறு வழக்குகள்: ‘வந்துட்டேன்’ என்று சொன்னால் திரையில் ஏறுவதும் ஏறத்தாழ அதுவே, ‘வந்துவிட்டேன்’ அன்று. பாடநூலின் நடையை அப்பிள்ளைக்கு வேறு யாராவது கற்றுத்தர வேண்டும்.

தமிழைப் பாடமாக எடுக்கும் தீவுப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிவில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தமிழ்த் தாளை எதிர்கொள்கிறது. பட்டியல் காட்டும் திரை அங்கில்லை. மூன்று மணி நேரம் பேனாவால், நினைவிலிருந்து எழுத வேண்டும். ஐந்து ஆண்டுகளாகத் தமிழைத் தொட்டுத் தேர்ந்தே பழகிய பிள்ளைக்குத் தேர்வுக்கு முந்திய மூன்று மாதப் பயிற்சி போதாது. மூன்றாம் வகுப்பிலிருந்தே வாரத்துக்கு ஒரு முறை, வாட்ஸ்அப் குரல் செய்தியில் வரும் சிறு பத்தியைக் கேட்டுத் தாளில் கையால் எழுதி, அதைப் படமெடுத்து ஆசிரியருக்கு அனுப்பச் செய்தால் வடமும் பேனாவும் ஒரே வேலையில் சேரும். அதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை, திருத்திக் கொடுக்க ஒரு தமிழாசிரியர் மட்டும் வேண்டும், அவர் ரங்கத்தில் இல்லாவிட்டால் சென்னையில் இருந்தாலும் போதும்.