தட்டு எழும்பும் முன் முடிச்சு

காலி அட்டைப்பெட்டிகளை அப்படியே லாரியில் ஏற்றினால் பெரும்பங்கு இடத்தைப் பிடிப்பது காற்று. அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. புதுச்சேரி நேரு வீதிக் கடைகளிலும் பெரிய மார்க்கெட்டிலும் மதுக்கடைகளிலும் மிஞ்சும் பெட்டிகள் காகித ஆலைக்குப் போக, முதலில் அந்தக் காற்றைப் பிழிந்தாக வேண்டும். பிழிவது இயந்திரம். சிறிய கிடங்குகளில் கட்டுவது மனிதக் கை.

பிரஸ்ஸுக்குள் அட்டையைப் போடப்போட மேல்தட்டு இறங்கி நசுக்கும். நிரம்பியதும் தட்டைத் தூக்காமலே கதவைத் திறப்பார்கள். மேலும் கீழும் உள்ள காடிகளில் கம்பியை நுழைத்துச் சுற்றி, ஒரு முனையின் வளையத்தில் மறுமுனையைக் கோத்து, மடக்கி முறுக்க வேண்டும். பிறகே தட்டு எழும்பும். அப்போது கட்டிய பொதி, அதாவது சிப்பம், விம்மும்; கம்பி விறைக்கும்.

அந்த விம்மலுக்கு எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் கட்டுகிறவரின் திறமை இருக்கிறது. சுற்றிய நான்கு கம்பிகளில் ஒன்று மட்டும் இறுகியிருந்தால் பாரமெல்லாம் அதன்மேல் விழும். அது அறுந்தால் மற்றவையும் தாங்காது. கம்பியும் காய்ச்சி ஆறவிட்ட கறுப்புக் கம்பியாக இருக்க வேண்டும். விறைப்பான கம்பி முறுக்கும்போதே ஒடியும். அட்டையைவிடப் பிளாஸ்டிக் கவரைக் கட்டுவது இன்னும் தொல்லை: வழுக்கும், கம்பிகளின் இடுக்கில் பிதுங்கும்.

அறுந்த கம்பி சாட்டையாய்த் துள்ளி முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் கையுறையும் கிடங்கின் செலவாக இருக்க வேண்டும். தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது.

சிப்பம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நீலம் தோய்த்த 'கினே' துணி இங்கிருந்து சிப்பங்களாகக் கப்பலேறி, ஆப்பிரிக்காவின் செனகலில் வேலம்பிசினுக்குப் பண்டமாற்றானது. 1898இல் இங்கே தொடங்கிய ஏ.எஃப்.டி. துணி ஆலையும் 2020இல் மூடப்பட்டது. இன்றைய சிப்பத்தில் இருப்பது நாம் வாங்கிய பொருளின் மேலுறை. 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்கள் சில தடைசெய்யப்பட்டன. ஆனால் பால் கவரும் சிப்ஸ் பாக்கெட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றையும் யாரோ கட்டித்தான் ஆக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை நனைந்தால் ஆலை ஈரத்துக்கு எடை கழிக்கும். காய்ந்த சிப்பம் கூழாகி மறுபடி பழுப்பு அட்டையாகும். மறுசுழற்சிக்கு உதவாத பலஅடுக்கு உறைகள், சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் சிமென்ட் சூளைகளில் நிலக்கரிக்குப் பதிலாக எரிகின்றன.

சிப்பம் போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வேலை கம்பியை வெட்டுவது. பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுதான் வெட்டுவார்கள். வெட்டிய கம்பி பழைய இரும்போடு போகும்.