இன்புளுவென்சா: இரண்டு மருந்தென்றால் இரட்டிப்புப் பலனா?

கசநோய்க்கு நான்கு மருந்து சேர்த்துத் தருகிறார்களே, இன்புளுவென்சாவுக்கும் இரண்டைச் சேர்த்தால் என்ன? காய்ச்சல் காலத்தில் வன்னியில் செய்தி சேகரிக்கப் போனால் இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். இந்த வைரஸ் அடிக்கடி உருமாறும். ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றது பிடிக்கும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் 2010இல் வெளியான பிரான்ஸ் ஆய்வொன்றில், ஒசெல்டாமிவிரோடு சனாமிவிரையும் கொடுத்தபோது, ஒசெல்டாமிவிரைத் தனியே கொடுத்ததைவிடப் பலன் குறைவாகவே இருந்தது. இரண்டும் தடுப்பது வைரஸின் ஒரே நொதியைத்தான். பலொக்சவிர் தாக்குவது வேறு இடத்தை. வைத்தியசாலையில் கடும் நோயோடு இருந்தவர்களுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வைரஸ் விரைவாகக் குறைந்தது; நோயாளர் விரைவாகத் தேறவில்லை.

ஆக, எங்களுக்கு மருந்தின் எண்ணிக்கையைவிட நேரமே முக்கியம். ஒசெல்டாமிவிரை 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் கூடிய பலன். பஸ் பார்த்துக் கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வரவேண்டியவர்களுக்கு அது பெரிய அவகாசமில்லை. கர்ப்பிணிகளும் நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்களும் பனடோலோடு காத்திருக்கக்கூடாது. நேரம் கடந்தாலும் மூச்சுத்திணறல் இருந்தால் உடனே போகவேண்டும்.

வயலில் நின்றவரென்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சலென்று பின்னர்தான் தெரிந்தது. அது பக்டீரியா நோய். மேலே சொன்ன மருந்துகளில் ஒன்றும் அதற்கு வேலை செய்யாது.