நாலு கால் பேஷண்ட்டுகளின் டாக்டர்!

நம்ம பத்திரிகைகளில் டாக்டர் ஜோக்குக்கு என்றைக்குமே பஞ்சம் கிடையாது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பேஷண்ட் ஓடுவார், நர்ஸ் துரத்துவார், உள்ளே கத்திரிக்கோலை வைத்துத் தைத்துவிடுவார்கள்... எண்ணினால் லட்சம் தேறும். மாட்டு டாக்டர் ஜோக் ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம்? கல்யாணத் தரகர் மட்டும் எப்போதாவது வருவார்.

"பையன் டாக்டருங்க!"

"அப்படியா! எதுல ஸ்பெஷலிஸ்ட்?"

"நாலு கால்ல!"

அதோடு சரி.

அப்படிப்பட்ட மாட்டு டாக்டரை ஹீரோவாகப் போட்டு இங்கிலாந்துக்காரர்கள் ஒரு டி.வி. தொடர் எடுத்தார்கள். 'ஆல் க்ரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' என்று பெயர். பி.பி.சி.யில் 1978-ல் ஆரம்பித்து, நடுநடுவே ஓய்வெடுத்துக்கொண்டு, 1990 வரை ஓடியது. அது போதாதென்று 2020-ல் 'சானல் ஃபைவ்' புது நடிகர்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டு ஹாலில் இப்போது இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

கதை என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. 1930-களின் கடைசி. யார்க்‌ஷயர் மலைக் கிராமங்கள். டாரோபி என்று ஒரு கற்பனை ஊர். அங்கே கோபக்கார சீனியர் டாக்டர் ஸீக்ஃப்ரீட், அவருடைய பொறுப்பில்லாத தம்பி டிரிஸ்டன், புதிதாகப் படித்துவிட்டு வந்த இளைஞர் ஜேம்ஸ். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்கும். கன்று வெளியே வராமல் மாட்டிக்கொண்டிருக்கும். ஜேம்ஸ் கொட்டுகிற குளிரில் சட்டையைக் கழற்றி, தோள்வரை சோப்புப் போட்டுக்கொண்டு, தொழுவத்தில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விடுவார். கன்று பிழைக்கும், சில நாள் பிழைக்காது. அவ்வளவுதான்.

"வில்லி யாருங்க?" என்று கேட்டாள் என் மனைவி. யாருமில்லை. நம்ம சீரியலில் மாமியாருக்குக் கொடுக்கிற பாலில் விஷம் கலப்பார்கள். இதில் மாடு பாலே கறக்கவில்லை, அதுதான் பிரச்னை! இரண்டாவது நாள் அவளே எனக்கு முன்னால் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

இது வெறும் கட்டுக்கதை இல்லை என்பதுதான் விசேஷம். ஜேம்ஸ் ஹெரியட் என்பது புனைபெயர். நிஜப் பெயர் ஆல்ஃப் வைட். 1916-ல் பிறந்து, கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவம் படித்து, 1940-ல் தெர்ஸ்க் என்ற சின்ன ஊருக்கு வேலைக்கு வந்தவர். ஆயுசு பூரா அங்கேதான் மாடு, ஆடு, குதிரை, நாய் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுத உட்கார்ந்தபோது வயது ஐம்பது. முதல் புத்தகம் 1970-ல்தான் வந்தது. 'அவற்றுக்கு மட்டும் பேச்சு வந்தால்...' என்கிற அர்த்தத்தில் தலைப்பு. பிறகு புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன. மனிதர் மாடு பார்ப்பதை விடவில்லை! 1995-ல் காலமானார். அவர் வேலை பார்த்த வீடு இப்போது மியூசியம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் எழுதியது முப்பது வருஷத்துக்கு முந்தைய கிராமத்தை. எழுதும்போதே ஏர் உழுத குதிரைகள் போய் டிராக்டர் வந்துவிட்டது. பெனிசிலின் இல்லாமல் தவித்த காலமும் போய்விட்டது. கண் முன்னால் மறைந்துபோன ஓர் உலகத்தை, அதன் தொழுவத்துக்குள்ளேயே நின்று பார்த்த ஒருத்தர் எழுதி வைத்தார். அதனால்தான் இன்றைக்கும் டி.வி.யில் பார்க்க முடிகிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கூடுவாஞ்சேரி நகராட்சியின் முழுப்பெயர் நந்திவரம்-கூடுவாஞ்சேரி. பெயரிலேயே காளை! நந்தீஸ்வரர் கோயில், பெரிய ஏரி, அதைச் சுற்றி ஒரு காலத்தில் நெல் வயல், மாட்டுத் தொழுவம். அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. அதன் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம். மாடு பற்றி நமக்குத் தெரியாதது அங்கே ஏதும் இருக்காது என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வோம்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிய ஆயாவின் ஜெர்ஸி கலப்பு ஒரு சாயங்காலம் கன்று போட்டது. மறுநாள் கழுத்தை மடக்கிக்கொண்டு படுத்தது, எழவில்லை. காது ஜில்லென்றிருந்தது. ஆயா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. யாரோ சைக்கிளில் போய்ச் சொல்ல, ராத்திரி எட்டு மணிக்கு மொபெட்டில் வந்தார் மாட்டு டாக்டர்.

"டாக்டரய்யா... என் லச்சுமி பொழைச்சுக்குமா?"

"ஒண்ணும் ஆகல ஆயா. பால் காய்ச்சல். சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போயிடுச்சு. நீங்க லாந்தரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, போதும்."

கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, கழுத்து நரம்பில் ஊசி போட்டு, மெல்ல... மெல்ல ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடுமாம். கொஞ்ச நேரத்தில் மாட்டின் உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. அப்புறம் பின்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்தே நின்றுவிட்டது! தொழுவத்தில் நின்ற அத்தனை பேரும் கை தட்டினோம்.

ஆயா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மாடு செத்தா லோனும் சேந்து சாவுமா சாமி?"

பாங்குக் கடனில் வாங்கிய மாடு. அதை வைத்துத்தான் பேத்தி ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். டாக்டர் வைத்தியம் பார்த்தது மாட்டுக்கு. பிழைத்தது ஒரு குடும்பம். யார்க்‌ஷயர் தொடரில் ஒவ்வொரு எபிசோடிலும் நடப்பது இதேதான். பத்து மாடு வைத்திருக்கிற ஏழை விவசாயி, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தப் பார்வைதான் கதை.

இது ஒரு மாட்டுக் கதை. நாடு முழுக்க நடந்த கதை ஒன்று உண்டு. 'ரிண்டர்பெஸ்ட்' என்கிற வெக்கை நோய், ஊர் ஊராக மாட்டை வாரிக்கொண்டு போன எமன். 1954-ல் அதை ஒழிக்கத் திட்டம் ஆரம்பித்து, ஐஸ் பெட்டியில் தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். 1995-க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் வரவில்லை. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் இதுதான். யாராவது மாட்டு டாக்டருக்கு மாலை போட்டோமா?

படித்தவர்களுக்குக் குறைச்சலில்லை. 1903-ல் ஆரம்பித்த மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. இதற்கென்றே நாட்டில் முதன்முதலாக ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டதும் இங்கேதான், 1989-ல். கதைக்குத்தான் குறைச்சல். யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து ஜெயமோகன் 2011-ல் 'யானை டாக்டர்' எழுதினார். ஜனங்கள் கொண்டாடினார்கள். வில்லன் இல்லாத கிராமத்துக் கதையும் எடுபடும் என்று 2024-ல் வந்த 'தலைவெட்டியான் பாளையம்' காட்டிவிட்டது. யானைக்குக் கிடைத்த மரியாதை மாட்டுக்கு மட்டும் பாக்கி!

பாக்கியைத் தீர்க்க அதிக நாள் இல்லை. ஆயாவின் தொழுவம் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி ஃப்ளாட். லிஃப்ட் உண்டு, லட்சுமி இல்லை. கிளாம்பாக்கத்தில் 2023 கடைசியில் பஸ் நிலையம் திறந்த பிறகு காலி மனை என்கிற வார்த்தையே காஸ்ட்லியாகிவிட்டது. தெருவுக்குத் தெரு கால்நடை டாக்டர் போர்டு இருக்கத்தான் செய்கிறது. உள்ளே ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பது பிஸ்கட் தின்று பெருத்த லாப்ரடார்! (ஹெரியட் கதையிலும் ட்ரிக்கி வூ என்று ஒரு பணக்கார வீட்டுக் குண்டு நாய் உண்டு. வைத்தியம்? பட்டினிதான்.) நாய்க்கும் வைத்தியம் வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் லாந்தர் வெளிச்சத்தில் மாட்டை எழுப்பி நிறுத்தியவர்களுக்கு இன்றைக்கு எழுபது, எண்பது வயது. அவர்கள் தலையில் இருப்பது எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

அதனால் ரிட்டயரான மாட்டு டாக்டர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். உடனே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மொபெட், மழை, கடிக்க வந்த நாய், முட்ட வந்த காளை, ஃபீஸுக்குப் பதில் மடியில் கட்டிக் கொடுத்த முருங்கைக்காய்... எல்லாவற்றையும் எழுதுங்கள். நடை நன்றாயிருக்குமா என்று கவலை வேண்டாம். உங்கள் கையெழுத்து புரியாது என்று பயந்தால், மருந்துக் கடைக்காரரிடம் கொடுத்துப் படித்துக்கொள்கிறேன்!